நாடாவுக்குள் ஒரு ஆம்பளை

"வீட்டுல யாருமே இல்லீங்க அத்தே, அன்னிக்கு நான் ஒருத்திதான்—"

"ஒருத்தின்னா அந்தக் கொரலு யாருதுடி? சொவத்துக்கு வாய் மொளச்சுதா?"

"—மாதா மேல சத்தியமா நான் ஒருத்திதான் உக்காந்துக்கினு—"

"மாதாவ இழுக்காத! ஆம்பள கொரலு கேக்குது, பூட்ஸு காலு கேக்குது. இதுல மாதா எங்கேந்து வந்தாங்க?"

"நீங்கதான கோயிலுக்குப் போறப்ப கதவ சாத்திக்கினு பேசுடின்னு—"

"சாத்துன்னுதான் சொன்னேன். உள்ள ஆள வெச்சி சாத்துன்னு சொன்னேனா?"

லூர்துசெல்விக்கு மூச்சு வாங்கியது. மாமியார் சவுரியம்மாளுக்கும்தான். இரண்டு பேருக்கும் நடுவே, மேசைமேல், அந்த டேப் ரெக்கார்டர் மூடி திறந்தபடி இருந்தது. சக்கரங்கள் நின்றுவிட்டன. உள்ளே இருந்த பச்சை விளக்கு மட்டும் பூனைக்கண் மாதிரி இரண்டு பேரையும் பார்த்துக்கொண்டிருந்தது.

விழுப்புரத்தில் கீழ்ப்பெரும்பாக்கத்துப் பக்கம், ரயில் பாதைக்கு ஒட்டினாற்போல இருந்த வீடு அது. வருஷம் அறுபத்தொன்று. சவுரியம்மாளின் ஒரே மகன் சின்னப்பராஜ் பிறந்தது வளவனூருக்கு அந்தப் பக்கம், பிரெஞ்சுக்காரன் எல்லைக்குள் இருந்த தாய்மாமன் வீட்டில். அந்தப் பிறப்புச் சீட்டைக் காட்டி பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். சொல்தா என்று சொல்வார்கள் அந்தப் பக்கத்தில். சொல்தா மாப்பிள்ளை என்றுதான் திண்டிவனத்திலிருந்து லூர்துசெல்வியைக் கொடுத்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷம். அதில் அவன் கூட இருந்தது இரண்டு மாசம். பிறகு கப்பல், பிறகு அல்ஜீரியாவில் சண்டை, பிறகு "லீவு தள்ளிப் போகிறது" என்ற சேதி.

லீவு வராவிட்டாலும் இந்த டேப் பெட்டி வந்தது. புதுச்சேரிக்கு லீவில் வந்த இன்னொரு சொல்தா கொண்டுவந்து கொடுத்து, எப்படி ஓட்டுவது என்றும் காட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். ஒரே நாடாதான் போகும், வரும். அதன் ஒரு பக்கத்தில் அவன் பேசி அனுப்புவான். இவள் கேட்டு முடித்ததும் நாடா முழுவதையும் கடகடவென்று மறு சக்கரத்துக்கு ஓட்டி, சக்கரத்தைத் திருப்பிப் போட்டு, மறுபக்கத்தில் பேசி அனுப்ப வேண்டும். அவள் பேசுவதால் அவன் பேசினது அழியாது. அழிக்க அவளுக்கும் மனசு வராது.

அந்த வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. சின்னப்பராஜ் பேச்சை முடிக்கும்போது "சேசு, மரி, சூசை, காப்பாத்துங்க" என்பான். உடனே சவுரியம்மாள் சிலுவை போட்டுக்கொள்வாள், லூர்துசெல்வியும் போட்டுக்கொள்வாள், பெட்டியை அணைத்துவிடுவார்கள். செபத்துக்கு அப்புறம் பேச்சில்லை. கோயிலில் ஆமென் சொன்ன பிறகு உட்கார்ந்திருப்பார்களா?

ஆனால் இந்தத் தடவை வந்த நாடாவில் செபம் வரைக்கும் போகவில்லை. ஆரம்பமே வேறு மாதிரி இருந்தது.

"செல்வி. நீ பேசனத கேட்டேன். உன் பேச்சுக்கு அடியில ஒரு ஆம்பள பேசறான். நடக்கறான். யாருன்னு நீயே சொல்லிடு. அம்மா, அதே டேப்பத்தான் அனுப்பறேன். திருப்பிப் போட்டு நீயும் கேளு. அவ சொல்லலன்னா திண்டிவனத்துல அவ அண்ணன் வீட்டுல வுட்டுட்டு வந்துடு. நான் வந்து எறங்கற வீட்டுல அவ—"

அந்த இடத்தில் சவுரியம்மாள் பெட்டியைத் தட்டி அணைத்தாள். அப்புறம் திருப்பிப் போடச் சொன்னாள். லூர்துசெல்வி மூன்றாம் தடவையில்தான் நாடாவைப் பள்ளத்தில் நுழைத்தாள்.

அவளுடைய பக்கம் ஓடியது. முதலில் வெறும் 'ஷ்ஷ்' என்ற இரைச்சல். அதற்குள், கிணற்றுக்குள் யாரோ பேசுகிற மாதிரி ஒரு முனகல். கட்டைக் குரல். என்ன பாஷை என்று தெரியவில்லை. தமிழில்லை, துலுக்கில்லை, இங்கிலீஷில்லை. வார்த்தையை உள்ளே இழுத்து விழுங்குகிற மாதிரி ஒரு பேச்சு. அதன் மேலேயே லூர்துசெல்வியின் குரல் ஆரம்பித்தது: "நல்லா கீறீங்களா? இங்க நல்லா மழ. நீங்க எப்ப வருவீங்கன்னு…" அவள் கூச்சப்பட்டு நிறுத்திய இடத்தில், டொக். டொக். யாரோ நடக்கிறான். பிறகு அவள் இன்னும் தாழ்ந்த குரலில் புருஷனிடம் மட்டும் பேச வேண்டியதைப் பேசினாள். அடியில் அவன் முனகிக்கொண்டே இருந்தான். கேட்டுக்கொண்டே இருந்தவன் மாதிரி.

மாமியார் எதிரில் அந்தப் பேச்சு கேட்டதற்கு வெட்கப்படக்கூட லூர்துசெல்விக்கு நேரமில்லை. திரும்பி அறையைப் பார்த்தாள். அன்றைக்கு அந்த அறையில் தான் தனியாக உட்கார்ந்திருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும். அப்படியானால் அவள் முதுகுக்குப் பின்னால் நின்றது யார்?

"அத்தே," என்றாள், சண்டையெல்லாம் மறந்துபோய். "மாமா செத்தது இந்த ரூம்புலதான?"

சவுரியம்மாள் சுவரில் மாட்டியிருந்த புருஷன் படத்தைப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள்.

"அந்த மனுசன் உசுரோட கீறப்பவே வாயத் தெறக்க மாட்டாரு. செத்தப்புறமா வந்து உங்கூட பேசப் போறாரு? இது உசுரோட கீற ஆம்பளடி. பூட்ஸு போட்டவன்." குரலைத் தணித்துக்கொண்டாள். "பக்கத்து வூட்டு விருத்தாசலம் பூட்ஸுதான் போட்டுக்கினு போறான், இன்ஜினுக்குக் கரி தள்ள."

"ஐயோ அத்தே, அந்த அண்ணன் கிட்ட நான் ஒரு வார்த்த பேசனது கெடையாது!"

"பேசனது டேப்புல கீதே."

மறுநாள் காலை திண்டிவனம் பஸ் கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார்கள். கல்யாணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டுகிற இருதயநாதன், லூர்துசெல்வியின் ஒரே அண்ணன், அடுத்த பஸ்ஸிலேயே வந்து இறங்கினான். தாய் தகப்பன் இல்லாத வீட்டில் அவளுக்கு அண்ணன்தான் எல்லாம். கையில் ஒரு பையில் கருவிகளும், புதுச்சேரியில் வாங்கி வைத்திருந்த ஒரு புது நாடாவும் இருந்தன.

"அழாத. இதெல்லாம் லைன்ல வர்ற கோளாறும்மா," என்றான் வந்ததும். "எங்க ஊர் கோயில் திருநாள்ல சாமியார் பிரசங்கம் பண்றப்ப ஹாரன்ல சிலோன் ரேடியோ பாடிச்சு. சாமியாரு மூஞ்சியப் பாக்கணுமே! ஒயருதான் ஏரியலா வேல செஞ்சிருக்கு. இதுவும் அப்படித்தான். ரேடியோவா இருக்கும்."

"ரேடியோ நடக்குமா?" என்றாள் சவுரியம்மாள்.

"இருங்க அத்தே. ஒண்ணொண்ணா பாப்போம்."

லூர்துசெல்விக்குக் கொஞ்சம் உயிர் வந்தது. அண்ணன் ஒவ்வொன்றாகப் பார்க்கப் பார்க்க அவள் கூடவே நின்றாள். பிளக்கைப் பிடுங்கித் திருப்பிச் செருகினான். மைக்கைப் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து தள்ளி, முக்காலிமேல் துணி மடித்து அதன்மேல் வைத்தான். சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிக் கொல்லையில் கொண்டுபோய் வைத்தான். டியூப் லைட்டை அணைத்தான். மைக் ஒயரில் எங்காவது தோல் உரிந்திருக்கிறதா என்று விரலால் தடவிக்கொண்டே போனான். உரியவில்லை. பிறகு புது நாடாவைப் போட்டு, யாரும் பேசாமல், மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க, பெட்டியை ஓட்டினான்.

திருப்பிப் போட்டுக் கேட்டார்கள். இரைச்சல். தூரத்தில் ஷண்டிங் என்ஜின் ஊதியது. ஒரு காக்கை கத்தியது. சவுரியம்மாள் மூக்கை உறிஞ்சினது கேட்டது. வேறொன்றும் இல்லை.

"லைட்ட போட்டு ஒரு தரம் பாக்கலாம்," என்றான் இருதயநாதன்.

லைட்டைப் போட்டால் 'ம்ம்ம்' என்று வண்டு ரீங்காரம் மாதிரி ஒன்று வந்தது. மனுஷக் குரல் வரவில்லை. கடிகாரத்தை உள்ளே கொண்டுவந்தால் டிக் டிக் வந்தது. டொக் டொக் வரவில்லை. பிளக்கை மறுபடி பழையபடி செருகிப் பார்த்தான். ரேடியோ வரவில்லை. தெருக்கோடி டீக்கடையில் ரேடியோவைச் சத்தமாக வைக்கச் சொல்லிவிட்டு வந்து பார்த்தான். அதுவும் வரவில்லை.

ஒவ்வொரு தடவையும் புது நாடா சுத்தமாக ஓடியது. ஒவ்வொரு தடவையும் லூர்துசெல்வியின் முகத்தில் ரத்தம் வற்றியது. சத்தம் வந்தால் தேவலை. ஏதாவது ஒன்று வந்து, 'இதுதான், கண்டுபிடித்துவிட்டோம்' என்று அண்ணன் சொல்ல மாட்டானா என்று காத்திருந்தாள். பெட்டி எவ்வளவு நன்றாக வேலை செய்கிறதோ அவ்வளவு அவள் கெட்டவளாகிக்கொண்டே போனாள்.

இருதயநாதன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "பக்கத்து வூட்டுல சொவரு ஒண்ணுதான?" என்றான்.

"ஒண்ணுதான்."

அவனே போய் விருத்தாசலத்தை எழுப்பிக் கூட்டி வந்தான். ராத்திரி வண்டிக்குப் போய் வந்து தூங்கிக்கொண்டிருந்தவன். பனியனோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலில் நின்றான்.

"பூட்ஸ மாட்டிக்கினு உங்க வூட்டுல நாலு நட நடங்க தலைவரே. ஏதாச்சும் பேசிக்கினே நடங்க."

"இன்னா சார், சினிமா எடுக்கறீங்களா?"

"ஒரு டெஸ்ட்டு."

"இன்னான்னு பேசறது?"

"ஏதாச்சும்."

"தூக்கத்துல எழுப்பினா ஏதாச்சும்னா திட்டுதான் வரும். பரவால்லியா?" என்று சிரித்தான் அவன். சவுரியம்மாள் சிரிக்கவில்லை. லூர்துசெல்வி அடுப்பங்கரைக்குள் ஒளிந்துகொண்டு கதவிடுக்கில்கூடப் பார்க்கவில்லை. பார்த்தால் பார்த்தாள் என்பார்கள். பார்க்காவிட்டால் ஏன் ஒளிகிறாள் என்பார்கள்.

விருத்தாசலம் சுவருக்கு அந்தப் பக்கம் நடந்தான், கத்தினான், பாட்டுக்கூடப் பாடினான். காதுக்கு லேசாகக் கேட்டது. நாடாவில் ஒன்றும் ஏறவில்லை. செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய சுவர்.

"அப்ப சொவருக்கு அந்தாண்டேந்து வரல," என்றாள் சவுரியம்மாள். மெதுவாகத்தான் சொன்னாள். "சொவருக்கு இந்தாண்டேந்துதான் வந்துருக்கு."

இருதயநாதன் கருவிகளை ஒவ்வொன்றாகப் பையில் போட்டான். பிறகு அடுப்பங்கரைக்கு வந்து, தங்கச்சியின் முகத்தைப் பார்க்காமல், தண்ணீர்ப் பானையைப் பார்த்துக்கொண்டு கேட்டான்.

"பெட்டி சுத்தமா கீது செல்வி."

"உம்."

"மைக்கு சுத்தம். லைனு சுத்தம்."

"உம்."

"அப்ப… நான் உன் அண்ணன். எங்கிட்ட சொல்லிடு. நான் அடிக்க மாட்டேன்."

லூர்துசெல்வி அண்ணனை நிமிர்ந்து பார்த்தாள். நேற்று அந்தக் குரல் கேட்டபோதுகூட அவளுக்கு இவ்வளவு பயம் வரவில்லை.

"நீயுமாண்ணா?" என்றாள்.

அன்று மத்தியானமே கிளம்பினார்கள். மருமகளைத் தனியாக அனுப்புகிற வழக்கமில்லை. கொண்டுவந்து கொடுத்தவர்களிடம் கூட்டிக்கொண்டு போய் ஒப்படைத்துவிட்டு வர வேண்டும். அதனால் சவுரியம்மாளும் கூட வந்தாள். மகன் அனுப்பிய பெட்டியைப் பூட்டிய வீட்டில் விட்டுவர அவளுக்கு மனசில்லை. பஸ்ஸில் அதைத் துணியில் கட்டி மடிமேல் வைத்துக்கொண்டாள். லூர்துசெல்வியின் தகரப் பெட்டி பஸ் கூரைமேல் போயிற்று. வழி நெடுக மாமியாரும் மருமகளும் ஒரே சீட்டில் தோள் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். விக்கிரவாண்டியில் ஒருத்தி வறுத்த வேர்க்கடலையை மல்லாட்டை, மல்லாட்டை என்று கூவி விற்றுக்கொண்டு ஏறினாள். சவுரியம்மாள் பழக்க தோஷத்தில் இரண்டு பொட்டலம் வாங்கிவிட்டு, இரண்டாவதை என்ன செய்வது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு வந்தாள்.

திண்டிவனத்தில் இருதயநாதன் கடைக்குப் பின்னாலேயே வீடு. கடை முழுக்க ஒலிபெருக்கி ஹாரன்கள் கவிழ்த்து வைத்திருந்தன. பெஞ்சில் சவுரியம்மாள் உட்கார்ந்தாள். தகரப் பெட்டியைச் சுவரோரம் வைத்தார்கள்.

"தம்பி, பொண்ண கொண்டாந்து வுட்டுட்டேன்," என்றாள். "எம் புள்ள சொன்னத செஞ்சேன். எனக்கு ஆச இல்ல. நாலு வருசமா எங்கூட கூழும் கஞ்சியும் குடிச்ச பொண்ணு."

"ஒரே ஒரு தரம் அத்தே," என்றாள் லூர்துசெல்வி.

"இன்னா?"

"பெட்டிய எடுத்துக்கினு போயிடுவீங்க. ஒரே ஒரு தரம் அவரு கொரல கேட்டுக்கறேன்."

"உன்ன திட்டனதயா கேக்கப் போற?"

"திட்டனாலும் அவரு கொரலுதான?"

சவுரியம்மாள் பெட்டியைப் பெஞ்சில் தள்ளி வைத்தாள். இருதயநாதன் பெட்டியைப் பிரித்து, பிளக்கைச் செருகி, பழைய நாடாவைப் போட்டான். சத்தம் சரியாகக் கேட்கட்டும் என்று தன்னுடைய ஆம்பிளிஃபயரோடு இணைத்தான்.

"செல்வி. நீ பேசனத கேட்டேன்…"

சின்னப்பராஜின் குரல் கடை முழுக்க நிறைந்தது. வாசலில் போகிறவர்கள் கேட்கக் கூடாது என்று இருதயநாதன் ஓடிப்போய்க் கதவைச் சாத்தினான். நேற்று சவுரியம்மாள் அணைத்த இடம் வந்தது. இன்று யாரும் அணைக்கவில்லை. "…நான் வந்து எறங்கற வீட்டுல அவ இருக்கக் கூடாது. அவ்ளோதான்."

செபம் இல்லை. சவுரியம்மாளின் வலது கை நெற்றிக்குப் பாதி வழி போய் நின்றது. சேசு மரி சூசை சொல்லாமல் அவள் மகன் ஒரு நாளும் பேச்சை முடித்ததில்லை. வரும் என்று கையைத் தூக்கியபடியே காத்திருந்தாள். நாடா 'ஷ்ஷ்' என்று ஓடியது. 'டக்' என்று ஒரு சத்தம். உடனே அதே சின்னப்பராஜ், ஆனால் வேறு குரலில், சந்தோஷமாக, பாதி வாக்கியத்திலிருந்து பேசினான்:

"…மழ பேஞ்சா ஓட்ட மாத்திடும்மா, காசு அனுப்பறேன். செல்வி, ஒடம்ப பாத்துக்க. சேசு, மரி, சூசை, காப்பாத்துங்க."

"இது போன தடவ பேசனது," என்றாள் சவுரியம்மாள்.

"ஆமா. பழசு மேலயே பேசியிருக்காரு. புதுசா பேசனது கம்மி. அது அழிச்ச மட்டும் போச்சு. பழசு மிச்சம் அப்படியே கீது," என்றான் இருதயநாதன்.

செபம் வந்துவிட்டது. சவுரியம்மாள் சிலுவை போட்டாள். "பிதா, சுதன், இஸ்பிரித்துசாந்து…" இருதயநாதன் அணைக்கக் கையை நீட்டினான்.

"அணைக்காத!" லூர்துசெல்வி அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னா செல்வி? செபம் முடிஞ்சிடுச்சே."

"செபம் முடிஞ்சாச்சு, டேப்பு முடியலியே. இதோ பாரு, சக்கரத்துல எவ்ளோ கீது! இத்த நாம ஒரு நாளும் கேட்டதில்ல. செபம் ஆனதும் அணைச்சுடுவோம். அப்புறம் நான் கடகடன்னு கடைசி வரைக்கும் ஓட்டிட்டுத் திருப்பிப் போடுவேன். அப்ப அவரு பக்கம் முடியற எடத்துலதான என் பக்கம் ஆரம்பிக்குது?"

"ஆரம்பிச்சா?"

"என் பேச்சுக்கு மறுபுறம் கீறது இதாண்ணா. இந்த மிச்சம்."

இருதயநாதனின் வாய் திறந்தபடி நின்றது. அவன் வாய் மூடுவதற்குள் ஹாரனில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"அப்பாடா," என்றான் சின்னப்பராஜ், நாடாவுக்குள். பெட்டியை அணைக்க மறந்துவிட்டான் என்பது தெரிந்தது. "வூட்டுக்குப் பேசறதே பெரிய வேலைடா ராயப்பா."

"சொன்னியா?" இன்னொரு கட்டைக் குரல்.

"எத்த?"

"எத்தன்னா? கால் போனத."

சக்கரம் மட்டும் சுற்றியது. சவுரியம்மாள், "இன்னா சொல்றான்? எந்தப் பையன் அவன்? யாரு காலு?" என்றாள்.

"அம்மாவுக்குச் சொன்னா நெஞ்சு நின்னுடும்," என்றான் சின்னப்பராஜ்.

"உம் பொஞ்சாதிக்கு?"

"அவ ரெண்டு காலோட பாத்தவ. அதுவும் ரெண்டே மாசம். நீயே சொல்லு, ஒருத்தி எத்தினி நாளு காத்துக்கினு இருப்பா? வர்றவன் முழுசா வந்தாலும் பரவால்ல."

"வந்து எறங்கறப்ப பாத்துட மாட்டாங்களா?"

"அதுக்குத்தான லீவு தள்ளிப் போவுதுன்னு சொல்லி வெச்சிருக்கேன். கட்டக் காலு மாட்டி, பேன்ட்டு போட்டு, பூட்ஸு போட்டு, விழுப்புரம் ஸ்டேஷன்ல வண்டிலேந்து நானே நடந்து எறங்கணும். ஒருத்தனும் கை குடுக்கக் கூடாது. அப்பதான் போவேன்."

"அப்ப ஜல்தி பழகு. எழுந்திரு. ஆஸ்பத்திரில யாரும் பாக்கல, நடந்து காட்டு."

டொக்.

லூர்துசெல்வி கண்ணை மூடிக்கொண்டாள். அதே சத்தம்.

டொக். டொக். ஒரு நிறுத்தம். டொக். பிறகு ஏதோ இரும்புக் கட்டில்மேல் மோதுகிற சத்தம், தரையில் ஒரு கனமான ஆள் விழுகிற சத்தம். ராயப்பன் "டேய், டேய்" என்றான். சின்னப்பராஜ் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருந்தான். கொஞ்ச நேரம் கழித்து அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது. "தூக்காத, தூக்காத, நானே எழுந்துக்கறேன்," என்றான். மறுபடியும் டொக். நாடா முடிந்து, வால் சக்கரத்தோடு சுற்றிப் பட் பட் என்று பெட்டியை அடித்தது.

இருதயநாதன்தான் அணைத்தான். அவன் முகத்தில் பெரிய நிம்மதி இருந்தது. அதை எப்படி மறைப்பது என்று தெரியாமல் வேகவேகமாகப் பேசினான்.

"இதான், இதான்! ஒரே நாடா அத்தே. அகலத்துல மேல் பாதில அவரு போறாரு, கீழ்ப் பாதில இவ எதிர்ல வர்றா. பக்கத்துல பக்கத்துல. கட்டக் கொரலு வேலி தாண்டி இந்தாண்ட ஒழுகுது. இந்தாண்டேந்து கேட்டா பின்னாலேந்து முன்னால கேக்கும், அதான் பாஷையே புரியல. அவரு கொரலேதான்! அவரு கொரல கேட்டுட்டுத்தான் அவரே யாரு யாருன்னு… புது டேப்புல எப்படி வரும்? அதுல அவரு பேசவே இல்லியே! மன்னிச்சுடும்மா செல்வி. அண்ணன் மடையன்."

யாரும் அவனைப் பார்க்கவில்லை. சவுரியம்மாள் பெஞ்சில் உட்கார்ந்தபடியே இருந்தாள். மடியில் மல்லாட்டைப் பொட்டலம் பிரிந்து, கொட்டைகள் ஒவ்வொன்றாகத் தரையில் உருண்டன.

"எனக்கு நெஞ்சு நின்னுடுமாம்," என்றாள். "எப்படி தெரியும் அவனுக்கு? கேட்டானா எங்கிட்ட?"

"அத்தே."

"பத்து மாசம் சொமந்த காலுடி."

லூர்துசெல்வி போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சவுரியம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள், எலும்பு நோகிற அளவுக்கு. விட்டால் எங்காவது போய்விடுவாள் என்று பயந்தவள் மாதிரி.

"ஏன்டி, இத்த கேட்டுட்டோம்னு தெரிஞ்சா வராமலே இருந்துடுவானா?"

"தெரியலீங்க அத்தே."

"ரோஷக்காரன்டி. அங்கேயே இருந்துடுவான். நாம சொல்லக் கூடாது."

"சொல்லலன்னா எம்மேல சந்தேகம் போவாதே அத்தே. அப்பவும் வர மாட்டாரு."

மாமியார் மெதுவாக அவள் கையை விட்டாள்.

இருதயநாதன் புது நாடாவை மாட்டினான். மைக்கைத் துடைத்துத் தங்கச்சியின் கையில் கொடுத்தான்.

"பழச அப்படியே பத்திரமா வெப்போம், அதான் சாட்சி. நீ இதுல பேசு. ஒண்ணும் பயப்படாத. உம்மேல ஒரு தப்பும் இல்லன்னு மொதல்ல சொல்லு. அந்த ஆம்பள நீங்கதான்னு சொல்லு. தலைய நிமித்திக்கினு சொல்லு."

சக்கரம் சுற்ற ஆரம்பித்தது. லூர்துசெல்வி மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வழி நெடுக பஸ்ஸில், தான் உத்தமி என்று அவனிடம் எப்படியெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்து நினைத்து வைத்திருந்தாள். அழாமல் சொல்ல வேண்டும், காறித் துப்புகிற மாதிரி சொல்ல வேண்டும் என்றுகூட.

"நான் செல்வி பேசறேன்," என்றாள். நாடா ஓடிக்கொண்டிருந்தது. "அந்த ஆம்பள யாருன்னு கண்டுபிடிச்சுட்டோம்."

அண்ணன், பேசு, பேசு என்று சைகை காட்டினான். சவுரியம்மாள் மருமகளின் வாயையே பார்த்தாள்.

லூர்துசெல்வி மைக்கை உதட்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"எந்தக் காலுங்க?"